காற்றும் கறுப்புப் புள்ளியும்

உங்கள் வீட்டில் தாத்தா காலத்து நிலைக்கண்ணாடி இருக்கிறதா? இல்லாவிட்டால் ஊரிலுள்ள பழைய முடிதிருத்தும் கடையில் ஒன்று இருக்கும். அதைக் கூர்ந்து பாருங்கள். ஓரங்களில் கறுப்புக் கறை படர்ந்திருக்கும். நடுவிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கரும்புள்ளிகள் தெரியும். எவ்வளவு துடைத்தாலும் அவை போகமாட்டா. ஏனெனில் கறை கண்ணாடியின் முன்புறத்தில் இல்லை. பின்புறம் பூசிய வெள்ளிப் படலத்தில் இருக்கிறது.

இனி வேறொரு காட்சி. அண்ணனின் கைப்பேசி கீழே விழுந்து திரையின் மூலையில் கீறல் விட்டுவிட்டது. மறுநாள் அந்த மூலையில் மிளகளவு கறுப்புக் கறை. அடுத்த வாரம் அது காசளவு ஆகிறது. பிறகு யாரும் தொடாமலேயே நாளுக்கு நாள் பெரிதாகி, திரையின் ஒரு பகுதியையே விழுங்கிவிடுகிறது.

இந்த இரண்டு கறைகளையும் உண்டாக்கிய குற்றவாளி ஒருவரே. அவர் வேறு யாருமல்லர். நாம் ஒவ்வொரு நொடியும் சுவாசிக்கும் காற்றுதான்! காற்றிலுள்ள ஆக்சிஜன், நீராவி, தூசி, நுண்ணிய வாயு அசுத்தங்கள் ஆகியவை மிக மெல்லிய படலங்களை என்ன செய்கின்றன? அவற்றோடு மனிதன் எப்படிப் போராடுகிறான்? இதைத் தெரிந்துகொள்ள முதலில் ஜவ்வாது மலைக்கு ஒரு பயணம் போவோம், வாருங்கள்.

காவலூர்க் கண்ணாடி

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக மலைப்பாதையில் சென்றால் காவலூர் வரும். திருப்பத்தூர் மாவட்டத்தில், கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 725 மீட்டர் உயரத்தில், மரங்களுக்கு நடுவே வெள்ளைக் குவிமாடங்கள் எழும்பி நிற்கின்றன. இதுவே வைணு பாப்பு வான ஆய்வுக்கூடம். பெங்களூரிலுள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனம் இதை நடத்திவருகிறது.

கொடைக்கானலில் சூரியனை ஆராயும் கூடம் ஏற்கெனவே இருந்தது. ஆனால் இரவு வானத்தை ஆராய வேறு நல்ல இடம் வேண்டும் என்று தேடியவர் வானியல் அறிஞர் வைணு பாப்பு. பல இடங்களைச் சோதித்த பின் 1960-களில் அவர் தேர்ந்தெடுத்த இடம் காவலூர். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இங்கிருந்து வடக்கு வானத்தோடு தெற்கு வானத்தின் பெரும்பகுதியையும் காணலாம். 1968-ல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு இங்கே பணி தொடங்கியது. 1972-ல் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. பின்னர் நம் நாட்டிலேயே வடிவமைத்துச் செய்த 2.34 மீட்டர் தொலைநோக்கி நிறுவப்பட்டது. அதைக் கனவு கண்ட பாப்பு 1982-லேயே காலமாகிவிட்டார். 1986 ஜனவரி 6-ஆம் நாள் அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி அத்தொலைநோக்கிக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் பாப்புவின் பெயரைச் சூட்டினார்.

தொலைநோக்கி என்றதும் நீண்ட குழாயும் லென்சும்தான் நினைவுக்கு வரும். ஆனால் பெரிய தொலைநோக்கிகளில் ஒளியைத் திரட்டுவது லென்சு அன்று, குழிந்த ஆடி. காவலூர் ஆடியின் குறுக்களவுதான் 2.34 மீட்டர். அந்தக் கண்ணாடிப் பாளத்தைப் பல காலம் தேய்த்து மெருகிட்டு உருவாக்கினார்கள். ஆனால் மெருகிட்ட கண்ணாடி மட்டும் தனியே ஒளியை அதிகம் எதிரொளிக்காது. ஜன்னல் கண்ணாடியில் உங்கள் முகம் மங்கலாகத்தானே தெரிகிறது? கண்ணாடிக்கு ஒளியைத் திருப்பி அனுப்பும் ஆற்றலைத் தருவது அதன்மேல் படிந்துள்ள அலுமினியப் படலம்தான்.

அந்தப் படலத்தின் தடிமன் எவ்வளவு தெரியுமா? பொதுவாகத் தொலைநோக்கி ஆடிகளில் சுமார் 100 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். அதாவது இந்தப் படலத்தில் ஏறத்தாழ 400 அணு அடுக்குகளே இருக்கும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2.34 மீட்டர் குறுக்களவுள்ள வட்டத்தின் பரப்பு 4.3 சதுர மீட்டர். அதன்மேல் 100 நானோமீட்டர் தடிமனுக்கு அலுமினியம் பூசினால் அதன் கன அளவு 0.43 கன சென்டிமீட்டர். அலுமினியத்தின் அடர்த்தி 2.7. ஆகவே எடை சுமார் 1.16 கிராம். ஒரு ரூபாய் நாணயத்தின் எடையில் பாதிகூட வராது! டன் கணக்கில் எடையுள்ள இரும்புச் சட்டம், சுழலும் குவிமாடம், மின் மோட்டார்கள் எல்லாம் சேர்ந்து சுமந்து திரிவது இந்த ஒரு கிராம் உலோகத்தைத்தான் என்றால் வியப்பாக இல்லையா?

வெள்ளியை வென்ற அலுமினியம்

பழைய காலத்தில் தொலைநோக்கி ஆடிகளுக்கு வெள்ளிதான் பூசினார்கள். புதிய வெள்ளி அலுமினியத்தைவிட நன்றாக ஒளியை எதிரொளிக்கும். ஆனால் அம்மாவின் வெள்ளிக் கொலுசைப் பாருங்கள். சில மாதங்களில் கறுத்துவிடுகிறது. சாக்கடை, சாணக் குவியல், அழுகும் பொருள்கள் முதலியவற்றிலிருந்து வெளிவரும் ஹைடிரஜன் சல்பைடு வாயு காற்றில் மிக மிகச் சிறிதளவு கலந்திருந்தாலும் போதும். அது வெள்ளியோடு வினை புரிந்து கறுப்பு நிற வெள்ளி சல்பைடை உண்டாக்கிவிடும். கொலுசைத் தேய்த்துக் கழுவலாம். ஆடியைத் தேய்த்தால் படலமே போய்விடும்.

1930-களில் அமெரிக்காவில் ஜான் ஸ்டிராங் என்பவர் வெற்றிடத்தில் அலுமினியத்தை ஆவியாக்கி ஆடிகளில் படியவைக்கும் முறையை வளர்த்தார். அலுமினியமும் காற்றோடு வினை புரியத்தான் செய்கிறது. அதுவும் வெள்ளியைவிட வேகமாக. ஆனால் இங்கே இயற்கை ஒரு நன்மை செய்திருக்கிறது. அலுமினியத்தின் மேல் உருவாகும் ஆக்சைடு சில நானோமீட்டர் தடிமன் ஆனதும் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடுகிறது. அது கெட்டியானது; ஒளியைத் தடுக்காத தெளிவானதும்கூட. ஆகவே அதுவே கீழேயுள்ள உலோகத்துக்குக் கவசமாகிவிடுகிறது. தன்னைத் தாக்கிய பகைவனையே காவலாளி ஆக்கிக்கொள்ளும் உலோகம் அலுமினியம்!

ஆனால் இந்தக் கவசமும் நிரந்தரமன்று. இரவில் தொலைநோக்கி இயங்கும்போது குவிமாடத்தின் வாய் திறந்தே இருக்க வேண்டும். மூடிவைத்தால் விண்மீன் ஒளி எப்படி உள்ளே வரும்? எனவே தூசி வந்து படிகிறது. மகரந்தம் வருகிறது. விடியற்காலையில் பனி இறங்குகிறது. தூசி மட்டும் இருந்தால் ஒளியைச் சிதறடிப்பதோடு நின்றுவிடும். தூசியும் ஈரமும் சேர்ந்தால் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் ஒரு சிறு இரசாயனக் குட்டை உருவாகிறது. அது உப்பாகவோ காரமாகவோ இருந்தால் ஆக்சைடுக் கவசத்தை அரித்து உலோகத்தில் ஊசித்துளை போட்டுவிடும்.

இதனால் என்ன நஷ்டம்? புதிய அலுமினியப் படலம் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 90 சதவீதத்தை எதிரொளிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தொலைநோக்கியில் ஒளி முதலில் பெரிய ஆடியிலும் பிறகு சிறிய ஆடியிலுமாக இருமுறை எதிரொளிக்கப்படுகிறது. எனவே 100-க்கு 81 பங்கு நமக்குக் கிடைக்கும். படலம் கெட்டு 80 சதவீதம் ஆகிவிட்டால்? 100-க்கு 64 தான். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இழப்பு. இது 2.34 மீட்டர் ஆடி 2.08 மீட்டராகச் சுருங்கிவிட்டதற்குச் சமம்.

1977 மார்ச் 10 இரவு யுரேனஸ் கோள் ஒரு விண்மீனுக்குக் குறுக்கே சென்றது. அதற்குச் சற்று முன் அவ்விண்மீனின் ஒளி சிறிது நேரம் மங்கியதைக் காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கி பதிவு செய்தது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் அறிந்தது அந்த இரவின் நோக்கல்களால்தான். இப்படி ஒளியின் சிறு ஏற்ற இறக்கத்திலிருந்து உண்மையைப் பிழிந்தெடுப்பவர்களுக்கு ஐந்தில் ஒரு பங்கு ஒளி என்பது பெருஞ்செல்வம். பல ஆயிரம் ஆண்டுகள் பயணம் செய்து வந்த ஒளி, கடைசி நொடியில் ஒரு தூசியால் வீணாவதை யார் பொறுப்பார்கள்?

அதனால் ஆடிகளுக்கு அவ்வப்போது புதுப்பூச்சு தருகிறார்கள். ஆடியைக் கழற்றிப் பழைய படலத்தை இரசாயனக் கரைசலால் கரைத்தெடுக்கிறார்கள். கண்ணாடியை மாசறக் கழுவி உலர்த்தி, வெற்றிடக் கலத்துக்குள் வைக்கிறார்கள். பம்புகள் காற்றை வெளியேற்றுகின்றன. பிறகு மின்னோட்டத்தால் பழுக்கக் காய்ச்சிய டங்ஸ்டன் கம்பிச் சுருள்களில் அலுமினியத் துண்டுகள் உருகி ஆவியாகி, நேர்கோட்டில் பறந்து சென்று கண்ணாடியில் படிகின்றன. காவலூரிலேயே இதற்கான கூடம் உண்டு.

காற்றை ஏன் வெளியேற்ற வேண்டும்? சாதாரணக் காற்றில் ஒரு மூலக்கூறு ஒரு மில்லிமீட்டரில் பதினையாயிரத்தில் ஒரு பங்கு தூரம் போவதற்குள் இன்னொன்றின்மேல் முட்டிக்கொள்ளும். திருவிழாக் கூட்டத்தில் நடப்பதைப் போலத்தான். காற்றழுத்தத்தைப் பத்துக் கோடியில் ஒரு பங்காகக் குறைத்தால் அதே மூலக்கூறு சுமார் 7 மீட்டர் தூரம் முட்டாமல் செல்ல முடியும். அப்போதுதான் அலுமினிய அணுக்கள் வழியில் ஆக்சிஜனோடு கூடாமல் தூய்மையாகப் போய்ச் சேரும்.

விளக்காகும் கரிமப் படலம்

இனி, மலையிலிருந்து இறங்கிக் கைப்பேசித் திரைக்கு வருவோம். இன்று பல கைப்பேசிகளிலும் தொலைக்காட்சிகளிலும் உள்ள திரை, கரிம ஒளி உமிழ் டையோடு என்னும் சாதனத்தால் ஆனது. ஓ.எல்.இ.டி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 'கரிம' என்றால் கார்பனை அடிப்படையாகக் கொண்ட சேர்மம் என்று வேதியியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். மின்சாரத்தைக் கடத்தாது என்று நாம் நினைக்கும் அத்தகைய பொருள்களிலிருந்து ஒளியை வரவழைத்ததுதான் இதன் அற்புதம்.

1963-ல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் போப்பும் அவர் குழுவினரும் ஆந்திரசீன் படிகத்தில் மின்சாரம் செலுத்தி ஒளி பெற்றார்கள். ஆந்திரசீன் என்பது நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் பொருள். ஆனால் அதற்கு நூற்றுக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம் தேவைப்பட்டது. 1987-ல் அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கோடக் நிறுவனத்தைச் சேர்ந்த சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் இருவரும் படிகத்துக்குப் பதில் இரண்டு மெல்லிய கரிமப் படலங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அமைத்தார்கள். 10 வோல்ட்டுக்கும் குறைந்த அழுத்தத்திலேயே பிரகாசமான பச்சை ஒளி கிடைத்தது.

இதன் அமைப்பு ஓர் அடுக்கு இனிப்பைப் போன்றது. அடியில் கண்ணாடி. அதன்மேல் ஒளி ஊடுருவும் இண்டியம்-வெள்ளீய ஆக்சைடு, இது நேர்மின்வாய். அதன்மேல் கரிமப் படலங்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஓர் உலோகப் படலம், இது எதிர்மின்வாய். நடுவிலுள்ள கரிமப் படலங்கள் எல்லாம் சேர்ந்தும் ஒரு தலைமுடியின் தடிமனில் ஐந்நூறில் ஒரு பங்குதான் இருக்கும். எதிர்மின்வாயிலிருந்து எலக்ட்ரான்கள் உள்ளே வருகின்றன. நேர்மின்வாய்ப் பக்கத்திலிருந்து 'துளைகள்' எனப்படும் எலக்ட்ரான் காலியிடங்கள் வருகின்றன. இரண்டும் நடுவில் சந்திக்கும்போது ஆற்றல் ஒளியாக வெளிப்படுகிறது. டாங் குழுவினர் பயன்படுத்திய பச்சை ஒளிப் பொருளின் மூலக்கூறு நடுவிலும் ஓர் அலுமினிய அணு அமர்ந்திருக்கிறது. இன்றைய சாதனங்கள் பலவற்றில் எதிர்மின்வாயும் அலுமினியந்தான். படலங்களைப் படியவைப்பதும் காவலூரில் ஆடிக்குப் பூசும் அதே முறையில், வெற்றிடத்தில் ஆவியாக்கித்தான். உறவு புரிகிறதா?

ஆனால் 1987-ஆம் ஆண்டின் அந்த விளக்குக்கு ஆயுள் மிகக் குறைவு. ஆர்கான் வாயுவுக்குள் பாதுகாத்து வைத்தும் சுமார் 100 மணி நேரத்தில் அதன் பிரகாசம் பாதியாகிவிட்டது. ஒரு பிரகாசமான சாதனம் பாதிப் பிரகாசத்துக்குக் குறையும் காலத்தையே அதன் அரை ஆயுளாக அளக்கிறார்கள். 100 மணி என்றால் நான்கு நாளுக்குச் சற்று அதிகம். இதை வைத்துக் கடையில் பொருள் விற்க முடியுமா?

கரும்புள்ளி பிறக்கும் கதை

காற்றுபடும்படி வைத்த ஒரு கரிம விளக்கை நுண்ணோக்கியில் பார்த்தால் அதன் ஒளிப்பரப்பில் வட்ட வட்டமாகக் கரும்புள்ளிகள் தெரியும். மணிக்கு மணி அவை பெரிதாகும். விளக்கை எரிக்காமல் அலமாரியில் வைத்திருந்தாலும் வளரும். இது எப்படி நேர்கிறது?

முதலில் ஒரு தூசி. செய்யும்போதே அடித்தளத்தில் ஒரு துகள் ஒட்டிக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்குத் தெரியாத, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள துகள். ஆனால் அதுகூட 100 நானோமீட்டர் படலத்தைவிடப் பத்து மடங்கு உயரம்! சமையலறைத் தரையில் கிடக்கும் பாறாங்கல்மேல் கோலமாவு தூவியதைப் போல, உலோக ஆவி துகளின் தலையில் படியுமே தவிர அதன் நிழலில் படியாது. அங்கே ஊசித்துளை விழுகிறது.

அடுத்து, காற்றிலுள்ள நீராவி அத்துளை வழியே நுழைகிறது. உலோகத்துக்கும் கரிமப் படலத்துக்கும் இடையே எல்லாத் திசைகளிலும் பரவுகிறது. அதனால்தான் கறை வட்டமாக இருக்கிறது. நீர் உலோகத்தோடு வினை புரிந்து மின்கடத்தாத ஆக்சைடையும் ஹைடிராக்சைடையும் உண்டாக்குகிறது. கூடவே ஹைடிரஜன் வாயு வெளிவருகிறது. அது போக வழியின்றிக் குமிழாகி, பூரி உப்புவது போல உலோகப் படலத்தைத் தூக்கிவிடுகிறது. தொடர்பு அற்றுப்போன இடத்தில் எலக்ட்ரான் நுழைய முடியாது. எலக்ட்ரான் இல்லையேல் ஒளி இல்லை.

இங்கே ஒரு கேள்வி எழும். தொலைநோக்கி ஆடியைக் காத்த அதே அலுமினிய ஆக்சைடு இங்கே ஏன் காக்கவில்லை? விடை எளிது. ஆடிக்கு வேலை வெளிமுகத்தில். அங்கே ஆக்சைடு படிந்தாலும் ஒளி அதை ஊடுருவிச் சென்று திரும்பிவிடும். கரிம விளக்கில் உலோகத்துக்கு வேலை உள்முகத்தில். அது கரிமப் படலத்தைத் தொடும் பக்கத்தில். ஆக்சைடு ஒளிக்கு வழிவிடும், எலக்ட்ரானுக்கு வழிவிடாது. ஆகவே ஓரிடத்தில் கவசமாவது இன்னோரிடத்தில் கதவடைப்பாகிறது. மேலும் எலக்ட்ரானை எளிதில் வெளிவிடும் மக்னீசியம், கால்சியம் போன்ற உலோகங்கள் ஈரத்தை இன்னும் வேகமாகப் பற்றிக்கொள்பவை. டாங் தம் விளக்கில் மக்னீசியத்தோடு வெள்ளியைக் கலந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

கரும்புள்ளி மட்டுமே ஆபத்து அன்று. ஆக்சிஜனும் நீரும் கரிம மூலக்கூறுகளையே தாக்கி உருமாற்றுவதுண்டு. இவற்றோடு, மின்சாரம் பாய்ந்து பாய்ந்தே மூலக்கூறுகள் தேய்ந்துபோகும் உள்மூப்பும் ஒன்று உண்டு. நீல ஒளிப் பொருள்களில் இது அதிகம். உள்மூப்பைத் தடுக்க நல்ல மூலக்கூறு வேண்டும். காற்றால் வரும் மூப்பைத் தடுக்க நல்ல மூடி வேண்டும்.

மூடியும் சுண்ணாம்பும்

1994-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கரிம விளக்கின்மேல் ஒரு கண்ணாடித் தகட்டை வைத்து, நைட்டிரஜன் சூழலில் ஓரங்களைப் பசையால் அடைத்தார்கள். மூடாத விளக்கோடு ஒப்பிட்டால் ஆயுள் நூறு மடங்குக்கு மேல் கூடியது. விளக்கின் உள்ளே எதையும் மாற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். காற்றை வெளியே நிறுத்தியது ஒன்றுதான் செய்தது.

பசையும் முற்றிலும் காற்றுப்புகாதது அன்று. எனவே மூடிக்குள் ஈரம் உறிஞ்சும் பொருளையும் வைத்தார்கள். அவற்றுள் ஒன்று கால்சியம் ஆக்சைடு. அது வேறொன்றுமில்லை, வெற்றிலைக்கும் வெள்ளையடிப்புக்கும் நீற்றுவதற்கு முன் சூளையிலிருந்து வரும் சுட்ட சுண்ணாம்புதான்! தண்ணீர் பட்டால் அது 'சுர்'ரென்று கொதித்து நீறுவதைப் பார்த்திருப்பீர்கள். நீர் மூலக்கூறை அது அவ்வளவு ஆசையோடு பற்றிக்கொள்ளும். சூளைச் சுண்ணாம்பின் அதே குணம் கண்ணாடி மூடிக்குள் கரிமப் படலத்துக்குக் காவல் நின்றது.

வளையும் திரை வந்தபோது புதிய சிக்கல் எழுந்தது. கண்ணாடி வளையாது, பிளாஸ்டிக் வளையும், ஆனால் காற்றை விடும். சாதாரண பிளாஸ்டிக் தாளின் ஒரு சதுர மீட்டர் வழியே நாளொன்றுக்கு ஒரு கிராம் அளவுக்குக்கூட நீராவி ஊடுருவிவிடும். கரிம விளக்குக்கு அது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் இருக்கலாம் என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் இலக்கு. இது எவ்வளவு கடுமை என்று பாருங்கள். ஒரு சொட்டு நீரின் எடை 0.05 கிராம் எனக் கொண்டால், ஒரு சதுர மீட்டர் திரைக்குள் அந்த ஒரு சொட்டு நுழைய 50,000 நாள், அதாவது சுமார் 137 ஆண்டு ஆக வேண்டும்!

இதற்குக் கண்ட வழி அடுக்குக் கவசம். அலுமினிய ஆக்சைடு போன்ற கெட்டியான படலம் ஒன்று, பிளாஸ்டிக் படலம் ஒன்று, மீண்டும் கெட்டிப் படலம் என மாற்றி மாற்றிப் படியவைப்பது. கெட்டிப் படலம் ஒவ்வொன்றிலும் சில ஊசித்துளைகள் இருக்கத்தான் செய்யும். ஆனால் ஒரு படலத்தின் துளைக்கு நேராக அடுத்த படலத்தின் துளை இருக்காது. பழைய கோட்டைகளில் வாயில்களை நேர் நேராக வைக்காமல் வளைந்து வளைந்து போகும்படி அமைத்தது நினைவிருக்கிறதா? பகைவன் உள்ளே வருவதற்குள் களைத்துப்போவான். நீர் மூலக்கூறுக்கும் அதே கதிதான்.

இவ்வளவு நுண்ணிய கசிவை அளப்பது எப்படி? அதற்கும் ஒரு கண்ணாடிதான் உதவுகிறது. கவசத்துக்கு அடியில் மெல்லிய கால்சியப் படலத்தை வைக்கிறார்கள். அது ஆடிபோலப் பளபளக்கும். நீராவி கசியக் கசிய, கால்சியம் தெளிவான ஹைடிராக்சைடாக மாறி, பளபளப்பு மறைந்து ஒளி ஊடுருவத் தொடங்கும். எவ்வளவு விரைவில் ஆடி மறைகிறது என்பதைக் கொண்டு கசிவைக் கணக்கிடுகிறார்கள்.

வெற்றிடத்திலும் ஒரு திருடன்

கரிமத் திரைகளைச் செய்யும் தூய அறைகளில் தூசியை வடிகட்டிவிடுகிறார்கள். நைட்டிரஜன் நிரப்பிய கையுறைப் பெட்டிகளில் ஆக்சிஜனும் நீரும் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருக்கும். நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் பத்து லட்சத்துக்கு இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் பங்கு என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். இவ்வளவு செய்தும், ஒரே பொருளைக் கொண்டு ஒரே முறையில் செய்த இரண்டு விளக்குகள் ஒரே ஆயுளைத் தருவதில்லை என்பது ஆய்வாளர்களை நெடுநாள் குழப்பியது.

ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிஹாயா அடாச்சியின் குழுவினர் 2016-ல் இதற்கு ஒரு விடை தந்தார்கள். வெற்றிடக் கலத்துக்குள் சிலிக்கன் தகடுகளைச் சும்மா வைத்திருந்து எடுத்து, அவற்றில் என்ன ஒட்டியிருக்கிறது என்று சோதித்தார்கள். கலம் அறை வெப்பநிலையில்தான் இருந்தது, எதையும் சூடாக்கவில்லை. ஆனாலும் முன்பு எப்போதோ ஆவியாக்கிய பொருள்களும், கலத்தின் பாகங்களிலிருந்து வந்த பிளாஸ்டிக் மென்மையாக்கிகளும் தகட்டில் இருந்தன! விளக்குகளின் ஆயுள் வேறுபட்டதற்குக் காரணம் நீரின் அளவு வேறுபாடு அன்று. இந்த மிதக்கும் அசுத்தங்களே என்று அவர்கள் காட்டினார்கள். படலம் போடும் வேலை நீள நீள, அசுத்தம் படியும் நேரமும் நீள்கிறது, ஆயுள் குறைகிறது.

கலம் எவ்வளவு சுத்தம் என்று அறிய அவர்கள் கையாண்ட வழி மிக எளியது. உள்ளே வைத்திருந்த தகட்டில் ஒரு நீர்த்துளியை வைத்து அது எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று பார்த்தார்கள். தூய கண்ணாடியில் நீர் பரவும். எண்ணெய்ப் பசை போன்ற கரிம அசுத்தம் ஒட்டியிருந்தால் நீர் திரண்டு நிற்கும். தாமரை இலைத் தண்ணீரைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிதா என்ன?

புதுப்பிப்பதா, பூட்டிவைப்பதா?

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். காவலூர் ஆடி காற்றுக்குத் தன்னைத் திறந்து வைத்திருக்கிறது; அதனால் கெடுகிறது. ஆனால் கெட்டதும் ஒரு கிராம் அலுமினியத்தால் மீண்டும் புதிதாகிறது. கண்ணாடிப் பாளத்துக்குக் கேடில்லை. கைப்பேசித் திரையோ காற்றிலிருந்து முழுக்கப் பூட்டப்பட்டிருக்கிறது. அதனால் பல்லாயிரம் மணி நேரம் உழைக்கிறது. ஆனால் ஒரு கீறல் விழுந்து பூட்டு உடைந்தால் அவ்வளவுதான். உள்ளே நுழைந்த ஈரத்தை யாரும் வெளியேற்ற முடியாது. திரையையே மாற்ற வேண்டும். பழைய திரை, அதிலுள்ள அரிய இண்டியத்தோடு, மின்னணுக் குப்பையில் சேர்கிறது.

ஆகவே நீண்ட ஆயுள் என்பது திரையைச் செய்யும் ஆலையில் மட்டும் முடிவாவதன்று. அதைக் கையாளும் கையிலும் இருக்கிறது. திரையில் கீறல் விழாமல் காப்பது வெறும் அழகுக்காக அன்று, அந்தக் கவசத்தின் உயிருக்காக. நம் நாட்டிலும் கான்பூர் ஐ.ஐ.டி., புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் போன்ற இடங்களில் கரிம ஒளிச் சாதன ஆய்வு நடந்திருக்கிறது. கழற்றிப் புதுப்பிக்கக்கூடிய ஆடியைப் போல, திறந்து செப்பனிடக்கூடிய கரிமத் திரை ஒன்றைச் செய்ய முடியுமா? இந்தக் கேள்விக்கு விடை காண்பவர் இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்களில் ஒருவராகவும் இருக்கலாம்.

செய்து பாருங்கள்

1. உள்ளே வெள்ளிபோல் மின்னும் வறுவல் பொட்டலம் ஒன்றை நன்றாகக் கசக்கி, பிறகு விரித்து மேசை விளக்கின் எதிரே பிடியுங்கள். (சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்க்காதீர்கள்.) மடிப்பு விழுந்த இடங்களில் விண்மீன்கள் போல ஒளிப்புள்ளிகள் தெரிகின்றனவா? பிளாஸ்டிக் தாளில் பூசியிருக்கும் அலுமினியப் படலத்தின் ஊசித்துளைகள் அவை. கசக்காத பொட்டலத்தில் எத்தனை, கசக்கியதில் எத்தனை என்று எண்ணி ஒப்பிடுங்கள்.

2. ஒரு கண்ணாடித் துண்டைச் சோப்பு நீரால் நன்கு கழுவி உலர்த்துங்கள். அதன் ஒரு பாதியில் மட்டும், தலைமுடியைத் தொட்ட விரலால் தடவுங்கள். இரு பாதியிலும் ஒவ்வொரு சொட்டு நீர் விட்டுப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். எந்தச் சொட்டு பரவுகிறது, எது திரண்டு நிற்கிறது? கண்ணுக்குத் தெரியாத அசுத்தத்தை ஒரு சொட்டு நீர் காட்டிக்கொடுப்பதைக் காண்பீர்கள்.

3. பழைய நிலைக்கண்ணாடி ஒன்றில் உள்ள கரும்புள்ளிகளின் படத்தை ஒரு தாளில் வரைந்து, தேதி போட்டு வையுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி வரைந்து ஒப்பிடுங்கள். கறை ஓரத்திலிருந்து வளர்கிறதா, நடுவிலிருந்து வளர்கிறதா? ஏன் என்று இப்போது உங்களால் சொல்ல முடியும்.